ஒட்டுவது வேறு, அடக்குவது வேறு

கணினித் திரையில் ஒரு மேடு எழும்பினால் போதும், ‘இந்தப் புரதம் இந்த மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். புரதம் டிஎன்ஏவில் எங்கெல்லாம் ஒட்டுகிறது என்று தேடித் தரும் சிப்-சீக் முறை பரவலான பிறகு இது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஜெல் ஓட்டிப் பழகிய எங்களால் இதை ஏற்க முடியவில்லை. புரதம் அந்த இடத்தில் இருந்தது என்பதைத்தான் மேடு காட்டும். இருந்ததால் என்ன நடந்தது என்பதைக் காட்டாது.

ஈ.கோலை பாக்டீரியாவில் லாக் மரபணுக்களை அடக்கும் லாக் ரெப்ரஸர் என்ற புரதத்தையே பாருங்கள். அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று ஜாக்கோபும் மோனோவும் 1961இல் வாதிட்டார்கள். செல்லுக்குச் சுமார் 10 மட்டுமே இருக்கும் அந்தப் புரதத்தை 1966இல் கில்பர்ட்டும் மியூலர்-ஹில்லும் பிரித்தெடுத்தார்கள். அது ஒட்ட டிஎன்ஏவில் ஆபரேட்டர் எனப்படும் மூன்று இடங்கள் உண்டு: நடுநாயகமாக ஓ1, அதற்கு 92 எழுத்து முன்னால் ஓ3, 401 எழுத்து தள்ளி மரபணுவுக்குள்ளேயே ஓ2. ஓ3ஐ மட்டும் சிதைத்தால் அடக்கம் இரண்டு மூன்று மடங்குதான் தளரும். ஓ2வை மட்டும் சிதைத்தாலும் அவ்வளவுதான். அவசரக்காரர் இரண்டையும் வேண்டாதவை என்று தள்ளிவிடுவார். இரண்டையும் சேர்த்துச் சிதைத்தபோது அடக்கம் 50 மடங்குக்கு மேல் சரிந்ததை மியூலர்-ஹில் குழு 1990இல் காட்டியது. ஒரே ரெப்ரஸர் டிஎன்ஏவை வளைத்து இரண்டு இடங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஒன்று போனால் மற்றது ஈடுகட்டுகிறது. எந்த மேட்டின் உயரம் இதைச் சொல்லியிருக்கும்?

ஒட்டலை நம்பும்படி காட்டுவதே லேசுப்பட்ட வேலையல்ல. புரதம் மூடிய இடம் வெட்டுப்படாமல் ஜெல்லில் வெள்ளை இடைவெளியாகத் தெரியும் முறை ஃபுட்பிரின்டிங்; அதில் டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியை இழைக்கு ஒரு வெட்டு என்ற அளவில் நிறுத்த வேண்டும். மிஞ்சினால் ஜெல்லில் தெரியும் பட்டை ஏணியின் மேல்படிகள் மறைந்து அடியில் கருமை சேரும். உப்பு அதைவிடத் தொல்லை. பொட்டாசியம் குளோரைடைக் குறைத்தால் புரதம் கண்ட டிஎன்ஏவிலும் அப்பிக்கொள்ளும். கூட்டினால் உண்மையான ஒட்டலும் கழன்றுவிடும். அதனால்தான் சம்பந்தமில்லாத டிஎன்ஏவைப் போட்டிக்குச் சேர்த்து, உப்பைப் படிப்படியாக ஏற்றி, அதற்கும் அசையாத வெள்ளை இடைவெளியை மட்டும் நம்பினோம். இன்று கிட்டோடு வரும் பஃபரில் என்ன உப்பு, எவ்வளவு என்று கேட்பவர்களே அரிது.

மனித மரபணுத்தொகுதியில் ஒரு புரதத்துக்கு ஆயிரக்கணக்கான இடங்கள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஜெல் ஓட்ட முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதில் சிப்-சீக்குக்கு ஈடில்லை. ஆனால் ‘கட்டுப்படுத்துகிறது’ என்று எழுதுமுன் அந்த ஒரு இடத்தையாவது மாற்றி, ஆர்என்ஏ ஏறியதா இறங்கியதா என்று பார்த்திருக்க வேண்டும். தனியாகவும் மாற்ற வேண்டும், அக்கம்பக்கத்து இடங்களோடு சேர்த்தும் மாற்ற வேண்டும். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் வந்த பிறகு, செல்லுக்குள்ளேயே எழுத்தை மாற்றுவது கடினம் என்ற சாக்கும் செல்லாது.