ஒரு கணக்குக்கு நாலு வரிசை

பரீட்சை நேரத்தில் ஆளாளுக்கு ஏதாவது லஞ்சம் கொடுத்துத்தான் மனசை உட்கார வைக்கிறோம். சிலருக்கு டீ, சிலருக்கு அரை மணி நேரம் மொபைல் (அது எப்போது அரை மணியில் முடிந்திருக்கிறது?). எனக்கு நிட்டிங். கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் ஒரு பெரிய கணக்கு டேலி ஆனால், லேஸ் ஸ்கார்ஃபில் நாலு வரிசை பின்னலாம். ஆகாவிட்டால் ஊசியைத் தொடக்கூடாது.

"சென்னை வெயிலுக்கு ஸ்கார்ஃபாடி?" என்று ரூம்மேட் சிரிக்கிறாள். கம்பளி இல்லை தாயே, பருத்தி நூல். லேஸ் என்றாலே பாதி ஓட்டைதான், காத்து நல்லா வரும் :)

ஏன் நாலு? நான் போடுவது 'ஃபெதர் அண்ட் ஃபேன்'. ஷெட்லாந்து தீவுகளின் 'ஓல்ட் ஷேல்' பின்னலுக்கு நெருங்கிய சொந்தம், அலை அலையாக வரும். நாலே வரிசையில் ஓர் அலை முடிந்துவிடும். நிறுத்த நல்ல இடம். அதில் மூன்று வரிசை சும்மா போகும். மூன்றாவது வரிசையில்தான் விஷயமே. நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றினால் ஓட்டை விழும், ஒரு லூப் கூடும். இரண்டு லூப்பைச் சேர்த்துப் பின்னினால் ஒன்று குறையும். ஒவ்வொரு 18 லூப்புக்கும் 6 கூட்டி 6 குறைக்கணும். கடைசியில் பழையபடி 18.

காமர்ஸ்காரங்களுக்கு இதற்கு மேல் சொல்லணுமா? 1494-ல் பாசியோலி அச்சிட்ட புத்தகத்தில் இருக்கும் அதே டெபிட், கிரெடிட்தான். இருப்பாய்வு டேலி ஆனாலும் உள்ளே ஈடுசெய் பிழை ஒளிந்திருக்கலாம் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். ஓர் ஓட்டை இங்கே விட்டுப்போய் அங்கே கூடியிருந்தாலும் எண்ணிக்கை 18 வரும். ஆனால் லேஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், தெரிந்துவிடும். பாலன்ஸ் ஷீட்டை எந்த வெளிச்சத்தில் பிடிப்பது?

ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கும்போது, படித்தது ஒன்றுமே தலையில் இல்லாத மாதிரி ஒரு பயம் வரும். வந்தவர்களுக்குத் தெரியும். அப்போது ஸ்கார்ஃபை எடுத்து இருட்டில் அலைகளைத் தடவி எண்ணுவேன். 22. ஒன்பதாவது, ஒன்றரை மணி நேரம் உயிரை வாங்கிய ஹோல்டிங் கம்பெனி கணக்கு. பதினாலாவது, குட்வில். எல்லாம் நான் போட்டதுதான். கையில் இருக்கிறது. அதற்கப்புறம்தான் தூக்கம் வருகிறது.

இப்போதைக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வியாழக்கிழமை பரீட்சை. அமால்கமேஷனில் இன்னும் ஆறு கணக்கு பாக்கி.