சமபந்தி

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

இலக்கிய மன்றத்தில் பேச எங்கள் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு "சமபந்தி". ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் எப்படிப் பேசுவது என்று முதலில் சலித்துக்கொண்டோம். தமிழ் ஆசிரியையோ, "அகராதியைப் புரட்டுங்கள்" என்று நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

பந்தி என்பது "பங்க்தி" என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். ஐந்தைக் குறிக்கும் "பஞ்ச" என்பதோடு உறவுடையது. ஐந்தின் தொகுதி என்றிருந்த சொல், பின்பு வரிசை என்றாகி, உண்போர் வரிசைக்கும் பெயராயிற்று. பஞ்சாபில் சீக்கியர்கள் லங்கரில் உண்ண அமரும் வரிசையைப் "பங்கத்" என்கிறார்கள். அதே சொல்தான்! அங்கே செல்வரும் ஏழையும் ஒரே தரையில் அமர வேண்டும்.

பந்தி என்றதும் நமக்கு வாழையிலையும் பாயசமும் நினைவுக்கு வரும். பழைய தரும நூல்களில் இச்சொல் அவ்வளவு இனிப்பானதன்று. இன்னார் அமர்ந்தால் பந்தி தூய்மையாகும், இன்னார் அமர்ந்தால் கெடும் என்று மனுநூல் பட்டியலே தருகிறது. அத்தகைய சொல்லின் முன்னே "சம" என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தவர் யாரோ, துணிச்சல்காரர்தாம்!

நம் நாட்டிலும் பந்தி பெரும் புயலைக் கிளப்பியிருக்கிறது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியே உணவிட்டார்கள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தியா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் இதே பேச்சு.

இவ்வளவையும் பேசிக் கைதட்டலும் வாங்கினோம். இறங்கி வரும்போது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அப்ப நாங்க வராந்தாவுல உக்காந்து சாப்பிடறது எந்தப் பந்தி?"

சத்துணவு வாங்குகிறவர்கள் வராந்தாவில். வீட்டிலிருந்து கொண்டுவரும் நாங்கள் வேப்பமரத்தடியில். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நாங்களாகவே அமர்ந்து பழகியது.

மறுநாள் டிபன் பாக்ஸோடு வராந்தாவுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் அவர்கள் தட்டுகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அது சுருக்கென்று தைத்தது. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தச் சிறுமி தன் முட்டையில் பாதியைப் பிட்டு எங்களில் ஒருத்தியின் மூடியில் வைத்தாள். நாங்கள் நார்த்தங்காய் ஊறுகாயை நீட்டினோம். மணி அடிக்கும்வரை ஊறுகாயைப் பற்றியேதான் பேச்சு.