தூங்கினால் அடங்கும் நடுக்கம்

ஜனவரி 9, தலைமன்னார்

விடியப்புறம் மூன்று மணிக்குத் தொடங்கி வெளிச்சம் வருமுன் பன்றி ஒன்பது குட்டி போட்டுவிட்டது. தலைப்பேறு. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மாமி விரல் மடிக்கும் கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை. செப்டெம்பர் 17 அன்று ஆண் பன்றியுடன் விட்டோம். இன்று 114ஆம் நாள்.

முதல் குட்டியைச் சாக்கால் துடைக்கும்போதே நடுக்கம் கைக்குத் தெரிந்துவிட்டது. வாடைக் காற்று கூட்டுக்குள் அடிக்கிறது, குளிராக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினேன். உலர்த்தி, விளக்குச் சூட்டில் வைத்தும் நிற்கவில்லை. ஆறு குட்டிகள் தலையிலிருந்து வால்வரை உதறுகின்றன. எழுந்தால் பின்னங்கால்கள் தன்பாட்டில் துள்ளுகின்றன. காம்பைக் கவ்வப் போகும் வாய் பக்கத்தில் முட்டி வழுக்குகிறது. மற்ற மூன்றுக்கும் ஒன்றுமில்லை.

“கண்ணூறு பிள்ளை. அந்த ஆறையும் விட்டிட்டு மூண்டைக் காப்பாத்து” என்றா மாமி. இரக்கமில்லாமல் சொல்லவில்லை. இழுபட்டுச் சாவதைப் பார்க்க அவவால் முடியாது.

நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காம்பை வாய்க்குள் வைத்துப் பிடித்தேன். முதல் நாள் சீம்பால் கிடைக்காத பன்றிக்குட்டிக்கு நோயை எதிர்க்க ஒன்றுமே இல்லை. தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் அதற்கு வந்து சேர்வதில்லை, பாலில்தான் வர வேண்டும். ஆகச் சின்னது குடித்து முடித்துத் தூங்கியதும் உதறல் அடியோடு நின்றது. செத்துவிட்டதென்று பதறித் தொட்டேன். கண் விழித்தது, விழித்த கணமே நடுக்கமும் வந்தது.

ஜனவரி 10

மன்னாரிலிருந்து மிருக வைத்தியர் வந்தார். குட்டிகளை விட அதிக நேரம் என்னைத்தான் விசாரித்தார். பன்றிக் காய்ச்சல் ஊசி எப்போது போட்டது? சினையாக இருக்கும்போது சொறிக்கோ பூச்சிக்கோ மருந்து அடித்தீர்களா? இதற்கு முன் ஈன்றதா? ஆண் பன்றி யாருடையது?

கேள்வி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நோய் இருந்தது. பழைய பன்றிக் காய்ச்சல் வைரஸ் சினைப் பன்றிக்குத் தொற்றினாலும் குட்டிகள் இப்படி நடுங்கிப் பிறக்கலாம். டிரைக்குளோர்போன் என்ற பூச்சிமருந்து சினையின் நடுக்காலத்தில் பட்டாலும் வரும். லாண்ட்ரேஸ் போன்ற சில இனங்களில் பரம்பரையாகவும் வருவதுண்டு. தாய்க்குக் காய்ச்சல் இல்லை, தீன் எடுக்கிறது, மருந்து எதுவும் அடிக்கவில்லை, தலைப்பேறு, ஆண் பன்றி இரவல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பன்றிகளுக்கேயுரிய ஒரு பெஸ்டிவைரஸாக இருக்கலாம் என்றார். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. இரத்தம் எடுத்து, கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

மருந்து எழுதவில்லை. இதற்கு மருந்து இல்லை. “சூடும் பாலும்தான் அக்கா. முதல் கிழமையைத் தாண்டினால் தப்பிவிடும்.”

ஜனவரி 12

இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. ஒவ்வொரு முறையும் ஆறு குட்டி. கை மரத்துப்போகிறது.

டொக்டர் சொன்னதை என் வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்த வழி தேடினேன். படகு எஞ்சினின் பிளக் வயர் உறை உப்புக் காற்றில் வெடித்தால் பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாது, எஞ்சின் திக்கித் திக்கி உதறும் அல்லவா? நரம்பைச் சுற்றியும் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. மயலின் என்று பெயர். குட்டி கருவில் இருக்கும்போதே வைரஸ் புகுந்தால் மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் அந்த உறை மெலிந்தே உருவாகிறது. பிறந்த பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. உறை தடிக்கத் தடிக்க நடுக்கம் குறைகிறது. “அப்ப எஞ்சின் பழுதில்லை” என்றார். இல்லை.

1922இல் கின்ஸ்லி என்ற அமெரிக்க மிருக வைத்தியர் இப்படி நடுங்கும் குட்டிகளை ஆடும் பன்றிகள் என்று எழுதினார். காரணம் பிடிபட 94 வருடம் எடுத்தது. 2015இல் அமெரிக்கப் பன்றிகளின் மாதிரிகளில் புதிய பெஸ்டிவைரஸ் ஒன்றின் மரபணு கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே நெதர்லாந்திலும் ஐயோவாவிலும் சினைப் பன்றிகளுக்கு அதைச் செலுத்தி, நடுங்கும் குட்டிகள் பிறப்பதைக் கண்டார்கள். சுவிற்சர்லாந்தில் சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளைத் திறந்து பார்த்தபோது 1986ஆம் ஆண்டுப் பன்றியிலும் அது இருந்தது. இத்தனை காலமும் நம்மைப்போன்ற எத்தனை கூடுகளில் கண்ணூறு என்று சொல்லிக் குட்டிகளை எறிந்திருப்பார்கள்!

ஜனவரி 16

இரண்டு செத்துவிட்டன. ஒன்று பட்டினியால், ஒன்று தாய் புரண்டு படுத்ததில். விலகத் தெரியாத கால்கள். பனையடியில் ஆழமாகப் புதைத்தோம்.

இன்று செய்ததுதான் கஷ்டமான வேலை. ஆண் பன்றி வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். விந்திலும் இந்த வைரஸ் இருக்கலாம். செப்டெம்பருக்குப் பிறகு அதே பன்றியை இன்னும் இரண்டு வீட்டுக்கு விட்டிருக்கிறார். 2024 கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதியான பிறகு, பன்றிக்கு வருத்தம் என்ற பேச்சு எழுந்தாலே வாங்க வருகிறவர்கள் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் காய்ச்சல் கூட்டையே காலி செய்யும். இது அப்படிப்பட்டதல்ல, மனிதருக்குத் தொற்றியதாகவும் அறியப்படவில்லை. இதை அவர் நம்பினாலும் ஊர் நம்புமா?

“நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் நடந்ததே தெரியாது, தங்கச்சி” என்றார். அவர் பயம் எனக்குத் தெரியும். அந்த ஒரு பன்றியில்தான் அவருடைய பிள்ளைகளின் ரியூசன் காசு. ஆனாலும் சொல்லாமல் விட்டால் அந்த இரண்டு வீட்டிலும் குட்டிகள் பிறந்த காலையிலேயே எறியப்படும். இரத்த முடிவு வரும்வரை ஆண் பன்றியை வேறெங்கும் விடுவதில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஜனவரி 25

நடுங்கிய நாலும் உயிரோடு இருக்கின்றன. காம்பைத் தாமே பிடிக்கின்றன. தகரக் கதவு அடித்தால் மட்டும் உடம்பு பழையபடி உதறுகிறது. சுகமாகிவிட்டது போலத் தெரிந்தாலும் வைரஸ் இவற்றின் உடம்பில் மாதக்கணக்கில் தங்கி வெளியேறிக்கொண்டிருக்கலாம்; அதனால் இந்தக் குட்டிகளில் ஒன்றைக்கூட இனவிருத்திக்குக் கொடுக்கமாட்டேன். தாயை விற்கச் சொன்னவர்களுக்கும் இல்லை என்றேன். ஒருமுறை தொற்றிய பன்றியின் அடுத்த ஈற்று பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும்.

கன்னொறுவையிலிருந்து பதில் இன்னும் இல்லை.

பின்னேரம் அண்ணனே வந்தார். இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அங்குள்ள பன்றிக்கு நாள் பெப்ரவரி 2. எங்கள் விளக்கையும் உலர்ந்த சாக்குகளையும் கேட்டார். கொடுத்தேன். மாமி உள்ளிருந்து வந்து, இரவில் எத்தனை மணிக்கொருக்கால் பால் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு விரல் மடித்துச் சொல்லிக்கொண்டிருந்தா.