கழுத்தில் பதித்த எண்

ஜூன் 11, 2023

கீழ அடையவளஞ்சான் தெரு வீட்டுத் திண்ணையில் ஒரு புல்லட்டின் எலும்புக்கூடு சாய்ந்து நிற்கிறது. 1993 மாடல், 346 சிசி. லால்குடியில் ஒரு வாழைக்காய் மண்டியின் பின்புறம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. எஞ்சினைக் கழற்றி டிரங்குப் பெட்டி மேல் ஏற்றியிருக்கிறேன். அம்மா அந்தப் பக்கம் கோலமாவு டப்பா வைப்பதை நிறுத்திவிட்டாள்.

நோட்டில் நான் வரைந்து வைத்திருக்கும் வண்டிக்குப் பின்பக்கமே கிடையாது. சீட்டுக்கு அடியில் வளைந்து போகும் குழாயை அறுத்துவிட்டு ஒற்றை ஆள் சீட், கையகல மட்கார்ட். ராத்திரி ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். இருக்கை 2 என்று இருக்கிறது.

ஜூன் 18

12ஆம் தேதி மேட்டூரில் திறந்த தண்ணீர் காவிரிப் பாலத்துக்கு அடியில் வந்துவிட்டது. வண்டியின் சட்டத்தை மினி லாரியில் ஏற்றித் துவாக்குடி போனேன். பெல்லில் கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் அங்கே சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். போட்ட ஒட்டையெல்லாம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற இடத்தில் வேலை செய்த கை.

"எங்க அறுக்கணும்?"

சாக்பீஸால் கோடு போட்டேன். கட்டைவிரலால் அழித்துவிட்டார்.

"ஷாக் அப்சார்பர் போல்ட் இங்கதான வருது? பள்ளத்துல விழுந்தா அந்த அடி பூரா இந்தக் குழாய்லதான் இறங்கும். நான் வச்ச ஒட்டு நிக்கும் தம்பி. அதுக்குப் பக்கத்துல, சூடு பட்ட இடம் இருக்கு பாருங்க, அது விட்டுரும்."

சட்டப்புத்தகமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது, கடுமையான மொழியில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்தவர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து விலகும் மாற்றம் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியையும் சோதித்துப் பதிவு செய்ய ஒரு முறை இருக்கிறது. இங்கே புது மாதிரி ஒன்று சாலைக்கு வர வேண்டுமானால் புனே போன்ற இடங்களில் உள்ள சோதனை நிலையங்களின் சான்று வேண்டும். அது கம்பெனிகளின் பணத்துக்கான வழி. ஜி.டி. நாயுடு கோவையில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டித்தான் தொழில் கற்றார். பிரிப்பதையும் பூட்டுவதையும் இன்றும் யாரும் தடுக்கவில்லை. எதைப் பூட்டுகிறோம் என்பதில்தான் வம்பு.

ஆக, நம் ஊரில் வீட்டு வண்டி என்றால் இவ்வளவுதான்: கம்பெனி கழுத்தில் அடித்த எண் ஒன்று, அதைச் சுற்றி நம் கைவேலை. குழாய் பிழைத்தது. அண்ணன் போல்ட் போட்டு மாட்டுகிற தகடு இரண்டு செய்து கொடுத்தார். மெலிதான நீள சீட், இருவர் உட்காரலாம். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

ஜூலை 2

சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங், கறுப்பு. சிலிண்டர் ரீபோர். வேறொன்றுமில்லை, காசு போனது.

ஜூலை 23

காலை ஐந்தரை. கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, விட்டு, முழு மிதி. பதினோரு மிதிக்கு அசையவில்லை. பிளாட்டினம் இடைவெளியைத் திரும்ப வைத்தேன், 0.4 மில்லிமீட்டர். பன்னிரண்டாவதில் பிடித்துக்கொண்டது. தெருவின் ஒரு பக்கம் மதில். சத்தம் அதில் மோதித் திரும்பி வருகிறது.

எதிர்வீட்டு மாமி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "ஏண்டாப்பா, பெருமாளே இன்னும் எழுந்துக்கலை. அதுக்குள்ள நீ எழுப்பணுமா?"

முடிவு: காது கிழிகிற அந்தக் குட்டிச் சைலன்சர் வேண்டாம். பழைய மாதிரி நீளமானதையே வாங்க வேண்டும். மாமிக்காக என்று எழுதினால் பொய்; எனக்கே தலை வலித்தது.

ஜூலை 30

முதல் ஓட்டம், காவிரிப் பாலம் வரை. 1976இல் திறந்த பாலம்; போன வருஷக் கடைசியில் மூடி, இணைப்புகளைப் பழுதுபார்த்து இந்த மார்ச்சில்தான் திறந்தார்கள். முன்பு ஒவ்வொரு இணைப்பும் முதுகெலும்பை எண்ணும். இப்போது பரவாயில்லை, வண்டியின் குறையை வண்டியிடமே கேட்கலாம். கையைச் சற்றுத் தளர்த்தினால் இடப்பக்கம் இழுக்கிறது. நாற்பதைத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் காப்பரிசி, காதோலை கருகமணி, கூட்டம். வண்டி எடுக்க வழியே இல்லை. நல்லதாயிற்று. கொத்தனாரிடம் நூல்கண்டு வாங்கி, பின் சக்கரத்தை ஒட்டி முன் சக்கரம் வரை இரு பக்கமும் பிடித்துப் பார்த்தேன். செயின் இறுக்கும் நத்தைத் தகடுகள் இரண்டையும் ஒரே பல்லில்தான் வைத்திருந்தேன். நூல் ஒப்புக்கொள்ளவில்லை. இடது தகட்டை ஒரு பல் தள்ளியதும் நூல் முன் டயரை இரு பக்கமும் ஒரே அளவு விட்டு நின்றது. முப்பது வருஷத்தில் எந்தத் தகடு தேய்ந்ததோ. பல்லை எண்ணியது என் சோம்பேறித்தனம்.

ஆகஸ்ட் 13

கல்லணை சாலை. திருவானைக்காவல் தாண்டி இரு பக்கமும் வாழை. இன்று இழுக்கவில்லை. உத்தமர்சீலியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன், வண்டி யோசித்தது. கால் வேறு பழக்கத்தில் பிரேக் என்று வலப்பக்கம் மிதித்து, அங்கிருக்கும் கியரை ஏற்றிவிட்டது. மாடுதான் பெரிய மனது பண்ணி நகர்ந்தது.

வீட்டில் டிரம்மைக் கழற்றி, புது லைனிங்கில் சாக்பீஸ் தடவி, மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. மீதி வெள்ளையாகவே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குகூடத் தொடவில்லை. லேத்தில் கொடுத்து டிரம் அளவுக்குக் கடைய வேண்டும். பிளக் மட்டும் சந்தோஷம்: காப்பிப்பொடி நிறம்.

ஆகஸ்ட் 27

பிரேக் பிடிக்கிறது. நாளை ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஐந்து வருஷப் புதுப்பித்தல். கழுத்து எண்ணின் மேல் டேப் ஒட்டிப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் எண்ணையே காணோம். பவுடர் கோட்டிங் கொடுத்தபோது அந்த இடத்தை மறைத்து ஒட்டச் சொல்ல மறந்திருக்கிறேன். கறுப்புப் பூச்சு பள்ளங்களை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு மணி நேரம். பெயின்ட் ரிமூவர், பழைய பல் துலக்கி, அம்மாவின் ஊசி. ஓர் இலக்கம் வெளியே வரும்போதெல்லாம் ஆர்.சி.யைப் பார்க்கிறேன். கடைசி இலக்கம் மூன்றா எட்டா தெரியவில்லை. இடப்பக்க வளைவில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது. ஊசியை நுழைத்தேன். எட்டு.