தூளா, சீவலா

இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார் அண்ணாச்சி. இடது உள்ளங்கையில் ஒரு பிடி மரத்தூள் வைத்தார். சலித்த மாவு போல இருந்தது, விரலிடுக்கில் வழிந்தது. வலது கையில் வைத்தது, வெற்றிலைக்குப் போடும் சீவல் மாதிரி சின்னச் சின்னத் துணுக்குகள்.

"ரெண்டும் ஒரே வேப்பமரம், ஒரே மெஷினு. இது செயினுக்கு அரம் போடுததுக்கு முன்னால துப்புனது. இது போட்ட பொறவு. இம்புட்டுதான் தம்பி தொழிலு."

கல்லிடைக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் அப்பளத்தைத்தான் கேட்பார்கள். நான் போனது மரம் அறுக்க ஆள் தேடி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு சிறு தோப்பு உண்டு. அதில் இரண்டு தென்னைகளைச் சிவப்புக் கூன்வண்டு முடித்துவிட்டது. சாய்ப்பு இறக்கிய அண்ணாச்சியின் சின்னப் பட்டறையில் நாள் குறித்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் எண்ணம். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

சுவரில் ஆணி ஆணியாக மரம் அறுக்கும் மெஷினின் செயின்கள் தொங்கின. மேசையோரம் ஒரு வைஸ், அதில் கவ்விய பார் (செயின் ஓடும் நீளத் தகடு), பக்கத்தில் பழந்துணியில் சுற்றிய அரங்கள். நான் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் புதுச் செயினோடு வந்தான். மாட்டினால் ஆடுகிறதாம், அறுப்பு வளைந்து போகிறதாம்.

"என்ன சொல்லிலே வாங்குன?"

"22 இஞ்சுன்னு கேட்டேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி அவனைத் திட்டவில்லை. செயினைக் கையில் எடுத்து, அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு மேல் அளவுகோலை வைத்தார். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, பாதியாக்கினால் பிட்ச். இது 0.325 அங்குலம், சரியாக இருந்தது. பிறகு அடியில் துருத்தி நிற்கும் பற்களை எண்ணச் சொன்னார். 86. அதுவும் சரி. மூன்றாவது, அந்த அடிப்பல்லின் கனம். பாரில் அது ஓடும் காடி 0.058 அங்குலம், அவன் வாங்கிவந்த செயின் 0.050. வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்தான், இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்தால் வரும் கனம். அந்த இடைவெளியில்தான் செயின் சாய்ந்து, அறுப்பு கோணுகிறது. இந்த எண்களெல்லாம் பாரின் அடிப்பகுதியில், எஞ்சின் பக்கமாகப் பொறித்திருக்கும். எண்ணெயும் தூளும் ஏறி மறைந்துவிடுவதால் யாரும் பார்ப்பதில்லை. நீளத்தை மட்டும் சொல்லிச் செயின் கேட்பது, உயரத்தை மட்டும் சொல்லிச் சட்டை கேட்பது போல.

அரம் போடுவதை அன்றுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்தப் பிட்ச்சுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்ட அரம். பல்லின் உள்பக்கம் வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளுகிறார். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுகிறார், இழுப்பதே இல்லை. முப்பது பாகைச் சாய்வு அவர் மணிக்கட்டிலேயே இருக்கிறது. 86 அடிப்பல் உள்ள செயினில் அறுக்கும் பல் 43. வலம், இடம் என்று மாறிமாறி நிற்கும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு, பாரைத் திருப்பிக் கவ்வி மறுபக்கம். முதலில் எல்லாவற்றிலும் தேய்ந்து குட்டையான பல்லைத் தேடி அதில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். மற்றவை அந்த நீளத்துக்கு இறங்க வேண்டும். ஒரு பக்கப் பல் நீளமாக நின்றாலும் அறுப்பு அந்தப் பக்கம் இழுக்கும்.

பல்லுக்கு முன்னால் திமில் போல ஒரு சின்ன மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லைவிட அது சுமார் 0.025 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அரம் போடப்போட பல் தேய்கிறது, மேடு அப்படியே நிற்கிறது. கடைசியில் கூராக இருந்தும் கடிக்காத செயின் ஆகிவிடும். தட்டை அரத்தால் மேட்டை இறக்க வேண்டும். ஆனால் ஆசைப்பட்டு அதிகம் இறக்கினால் செயின் மரத்தைக் கவ்வி உதறும்.

இந்தப் பல்லின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு புழு உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காட்டில் மரம் அறுத்துக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், ஓர் அடிமரத்தைத் தின்னும் வண்டுப் புழுவைப் பார்த்தார். நாரின் போக்கிலும் குறுக்கிலும் அது சிரமமில்லாமல் போயிற்று. அதன் இரண்டு தாடைகளும் வலமும் இடமுமாக வெட்டின. அதைப் பார்த்து அவர் செய்த செயின் அடுத்த ஆண்டே விற்பனைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ஓடும் செயின்களுக்கு மூலம் அதுதான். என் தென்னையைத் தின்றதும் வண்டுப் புழு, அதை அறுக்கப் போவதும் வண்டுப் புழுவிடம் கற்ற பல். அண்ணாச்சியிடம் சொன்னேன். அரத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பல்லையே பார்த்தார்.

தென்னை என்றால் கூலி கூடுதல் கேட்கிறார்கள் என்று தோப்புக்காரர்களுக்குக் குறை. எனக்கும் இருந்தது. "வேம்பு, புளின்னா வைரம் உள்ள இருக்கும், போகப்போகத்தான் கெட்டி. தென்னைக்கும் பனைக்கும் வைரம் வெளியில. தொட்டதுமே செயினு கெட்டியில மோதும்." தொல்காப்பியம் மரபியலில் இதே அளவுகோல்தான் இருக்கிறது: புறத்தே காழ், அதாவது வைரம், உள்ளது புல், அகத்தே காழ் உள்ளது மரம். அங்கே பாடமாகப் படித்ததை இவர் அரம் தேய்ந்து தேய்ந்து தெரிந்துவைத்திருக்கிறார். பனையை அவர் எளிதில் தொடுவதில்லை. 2021க்குப் பிறகு பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், தாளைக் காட்டச் சொல்கிறார்.

செயினுக்கு மரத்தைவிடப் பெரிய எதிரி மண். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது தாமிரபரணிக் கரையில் சாய்ந்து கிடந்த மரங்களின் பட்டை வெடிப்பெல்லாம் ஆற்று மணல். ஒரு மரத்துக்கு இரண்டு தடவை அரம் போட வேண்டியிருந்தது என்றார். மணலுக்கு அடுத்தது ஆணி.

பாரைப் பற்றி அதிகம் பேசவில்லை, செய்து காட்டினார். காடியில் இறுகிய தூளை ஒரு மெல்லிய தகட்டால் சுரண்டி எடுத்தார். எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்தினார். விளிம்பில் எழுந்திருந்த பிசிறைத் தட்டை அரத்தால் வழித்தார். கடைசியில் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார், தேய்மானம் இரண்டு விளிம்புக்கும் பங்காக வேண்டும் என்று. முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டை முறுக்கினார். செயின் பாரின் அடியில் ஒட்டி நிற்க வேண்டும், கையால் இழுத்தால் ஓடவும் வேண்டும். சூட்டில் நீண்ட செயினை இறுக்கினால், வேலை முடிந்ததும் தளர்த்திவைக்க வேண்டும். ஆறும்போது அது சுருங்கிப் பாரையும் எஞ்சினையும் நெரிக்கும். பிறகு ஒரு அட்டையின் முன் முனையைப் பிடித்து மெஷினை முடுக்கினார். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தது. பைக்கில் இறக்கிய கரி எண்ணெயை ஊற்றி ஓட்டுபவர்கள்தான் அதிகம். அதில் இருக்கும் இரும்புப் பொடி பாரையும் பம்பையும் தின்கிறது, சிந்துகிற இடத்தில் மண்ணும் கெடுகிறது.

கூர் இல்லாத செயின்தான் ஆபத்து என்று எனக்கு அதுவரை தெரியாது. கடிக்காத செயினை ஆள் தன் பாரத்தைப் போட்டு அழுத்துகிறான், கை தளர்கிறது. பார் முனையின் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் கண் இமைக்குமுன் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். அந்தப் பையன் கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு நின்றான். செயின் அவன் காசு. அரமும் அவன் காசு. கூலியோ மரக் கணக்கு. அரம் போட உட்காரும் பத்து நிமிஷம் அவனுக்கு நஷ்டம், நின்று பார்க்கும் நமக்கு அது சோம்பேறித்தனம். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் நாம் கூலி பேச வேண்டும். ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் சேர்த்தும்தான்.

"உங்க தென்னையில ஆணி ஏதும் உண்டுமா?" கிளம்பும்போது கேட்டார். கொடிக்கயிறு கட்ட நானே அடித்தவை நினைவுக்கு வந்தன. வேம்பாக இருந்தால் பருத்து ஆணியை விழுங்கியிருக்கும். தென்னை பருக்காது, தேடினால் அகப்படும் என்றார்.

மறுநாள் விடிந்ததும் சுத்தியலோடு தோப்புக்குப் போனேன். நான்கு ஆணிகள் வந்தன. ஐந்தாவது துருவேறி, தலை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவைத்தேன். மெஷினோடு வந்த அண்ணாச்சி வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார், அதற்கு ஒரு சாண் கீழே பாரை வைத்தார்.