வெயிலோடு வாழும் தோல்

நான் கறுப்பு. எங்கள் குடும்பத்தில் யாரும் அதை ஏச்சாகச் சொன்னதில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்கள். "வெயில்ல நிக்காதம்மா, இன்னும் கறுத்துடுவே" என்பார் பாட்டி. கூலாயில் தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்த எனக்கு அந்த அக்கறைதான் அதிகம் வலித்தது. பின்னாளில் ஜொகூர் பாரு கடைகளில் கொரிய அழகுப் பொருள்கள் அடுக்கடுக்காக வந்து நின்றபோது, அவற்றில் நான் எதைத் தேடினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வேறு நிறத்தைத்தான் தேடினேன்.

2002இல் 'வின்டர் சொனாட்டா' தொடர் மலேசியத் தொலைக்காட்சியில் ஓடிய காலத்திலிருந்தே கொரிய முகங்கள் நம் வீடுகளுக்குப் பழக்கம். இன்று இன்னிஸ்ஃப்ரீ, லனெய்ஜ், காஸ்ஆர்எக்ஸ் என்ற அழகுப் பொருள் பெயர்கள் ஸ்கூடாய், மாசாய் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். டோனர், எசென்ஸ், சீரம், கிரீம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும் முறையை நானும் கற்றுக்கொண்டேன்.

ஆனால் சியோலின் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்த வறண்ட காற்றில் தோலுக்கு ஈரத்தைப் பூட்டிவைக்கும் கனமான கிரீம் வேண்டும். ஜொகூரோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க எண்பது விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். வேலைக்காக எல்லை கடக்க ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும்போது, ஹெல்மெட்டுக்குள் கிரீமும் வியர்வையும் கலந்து நெற்றியெல்லாம் பொடிப்பொடியாகப் பரு கிளம்பியது. பரு போனாலும் அதன் கறை மாதக்கணக்கில் நின்றது. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் கறை அப்படித்தான் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும் என்று விளக்கினார் தோல் மருத்துவர். மென்மையான கிளென்சர், லேசான ஜெல், பகலில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் போதும் என்றார்.

அந்தச் சன்ஸ்கிரீனுக்காகக் கொரியர்களுக்கு மனதார நன்றி சொல்வேன். முன்பு வாங்கியவை என் முகத்தில் திருநீறு பூசியதுபோல் வெளிறி நிற்கும். இது பிசுபிசுக்காமல் தோலோடு மறைந்துவிடுகிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கத் தடவ வேண்டும்; வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். 'சிக்கா' என்று எழுதிய கிரீம்களில் இருப்பதோ வல்லாரைச் சாறு. நம் காலைச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் அதே கீரைதான்.

அண்மையில் அண்ணன் மகள் ஒரு சிறிய டப்பாவோடு வந்தாள். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கியது. "அத்தை, ஒரே வாரத்துல வெளுத்துடுமாம்" என்றாள். "இதுல நம்பர் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். மலேசியாவில் முறையாக விற்கப்படும் அழகுப் பொருளுக்கு, சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவித்ததற்கான ஓர் எண் உண்டு, அது என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும். அவர்களுடைய இணையத்தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். அந்த டப்பாவில் கொரிய எழுத்துகள் இருந்தன, எண் இல்லை. இப்படி வேகமாக வெளுக்க வைப்பதாகச் சொல்லும் கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும் நஞ்சு.

அவள் கண்ணில் அன்று தெரிந்தது என் பழைய வலிதான். அதனால் கிரீமைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிட முடியவில்லை. உன் நிறத்தில் திருத்த வேண்டியது எதுவுமில்லை என்று, எனக்கு யாரும் சொல்லாததை, அவளுக்குச் சொன்னேன்.

எந்த நாட்டுப் பொருளானாலும் வாங்கும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள். இது நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஒத்துவருமா? இது என் தோலைக் காக்கவா, மாற்றவா? மாற்றத்தான் என்றால், அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.