சார்ஜ்

தேனியில் பஸ் ஏறினால் கொடுப்பது சார்ஜ். கைப்பேசியில் ஏற்றுவதும் சார்ஜ். கூட்டத்தின்மேல் போலீஸார் தடியுடன் பாய்ந்தால் அதுவும் 'லத்தி சார்ஜ்'! எனக்கென்னவோ 'தடியடி' என்ற நம் சொல்லே பிடித்திருக்கிறது. தடியையும் அடியையும் அது ஒளிப்பதில்லை.

இந்த ஆங்கில வார்த்தையின் பூர்வீகம் ஒரு வண்டி. லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவது 'கார்ரிகாரே'. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து சேர்ந்ததும், அந்தப் பாரமே கடமையாயிற்று, கட்டணமாயிற்று, குற்றச்சாட்டாயிற்று. 16-ம் நூற்றாண்டில் எதிரியின்மேல் பாய்வதற்கும் பெயராயிற்று. விசித்திரம் பாருங்கள்: தமிழரும் குற்றத்தைச் 'சுமத்துகிறோம்' என்றுதானே சொல்லுகிறோம்?

கம்பம் பள்ளத்தாக்கிலும் உசிலம்பட்டிச் சீமையிலும் வாழ்ந்த பிறமலைக் கள்ளர்களின்மேல் அப்படி ஒரு சுமை ஏற்றப்பட்டது. 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கிற்று. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இராத்திரியில் ஆஜராக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சுமை இறங்குவதற்கு 1947 வரை ஆயிற்று.